மூன்றாம் பாகத்தில் இல்லாத வித்தை

அக்கா செய்ததிலேயே, கடைகளின் ஷட்டர் ரிப்பேர் பண்ணிப் பிழைக்கிற தம்பி ஷட்டர்காரனால் பொறுத்துக்கொள்ள முடியாத காரியம் ஒன்றுதான். அவன் கடைசி அறை வரைக்கும் முட்டி மோதிப் போய் சேவ் பண்ணி வைத்திருந்த ஆட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அழித்துவிட்டாள். கை தவறி நடந்ததில்லை. அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது, ஆமாம் என்று அமுக்கினாள். பக்கத்து அறையில் அவன் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்க்கா அழிச்சே?"

"ரெண்டாம் பாகம்டா அது. குப்பை. அதை முடிச்சு என்ன கிழிக்கப் போறே? முதல் பாகத்தை இன்னொரு வாட்டி ஆடு. புத்தியாவது வரும்."

அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகி, தொப்பை வந்து, தலையில் பாதி காடு அழிந்த பிறகும் அந்த வருத்தம் போகவில்லை. குடித்தால் அதைச் சொல்வான், குடிக்காவிட்டாலும் சொல்வான். "அக்கா தம்பிக்குள்ள வீட்டுக்கு அடிச்சுக்குவாங்க, நகைக்கு அடிச்சுக்குவாங்க. ஆட்டத்துக்கு அடிச்சுக்கிட்டு நிக்கிறது உங்க குடும்பம் ஒண்ணுதான்" என்பாள் அவன் மனைவி.

ஆட்டம் இதுதான். கம்ப்யூட்டரைத் திறந்தால் நாம் ஒரு நீரேற்று நிலையத்துக்குள் நிற்போம். ஆள் தெரியமாட்டான், நம்முடைய இரண்டு கை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் நம் கண்ணால் பார்ப்பது போலவே இருக்கும். சுடுவதற்குத் துப்பாக்கி கிடையாது. துரத்துவதற்குப் பேய் கிடையாது. அறை, குழாய், சக்கரம் வைத்த வால்வு, கதவு, தண்ணீர். எந்த வால்வைத் திறந்தால் எங்கே தண்ணீர் ஏறும், எது மிதக்கும், எதன் மேல் ஏறி எந்தக் கதவுக்குப் போகலாம் என்று யோசித்து யோசித்துப் போக வேண்டும். அவ்வளவுதான். இதில் மனிதர்கள் மாதக்கணக்கில் விழுந்து கிடந்தார்கள் என்றால் வெளியாள் நம்பமாட்டான்.

அக்கா லாண்டரி வேன் ஓட்டுகிறவள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் துண்டு, முதியோர் விடுதியின் போர்வை என்று காலையில் அழுக்கை அள்ளிக்கொண்டு வந்து மறுநாள் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆள் கட்டை குட்டை. முன்கை மட்டும் ஆம்பிளைக்கு இருப்பது போல இருக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "பக்கத்துல வாயை மூடிட்டு உக்காரத் தெரிஞ்ச ஒருத்தனைக் காட்டு, பண்ணிக்கிறேன்" என்பாள்.

அது வெறும் பேச்சில்லை. ஆட்டத்தில் அவளுடைய சட்டமே அதுதான். ஒருத்தர் ஆடினால் பக்கத்தில் இருப்பவர் பார்க்கலாம், டீ குடிக்கலாம், தூங்கலாம். விடையைச் சொல்லக் கூடாது. ஜாடை காட்டக் கூடாது. பெருமூச்சு கூட விடக் கூடாது. ஷட்டர்காரன் ஒரு தடவை தொண்டையைச் செருமியதற்கு மவுஸைத் தூக்கி அவன் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ருசியும் அப்படித்தான், கறாரான ருசி. முதல் பாகம் என்றால் உயிர். ஆட்டத்தைச் செய்தவனுக்கே அப்போது எதுவும் தெரியாது, நம்மோடு சேர்ந்து அவனும் இருட்டில் தடவிக்கொண்டு வருவான், அதுதான் அழகு என்பாள். இரண்டாம் பாகம் என்றாலே ஆகாது. "பயந்துட்டான்டா. முதல்ல காசு வந்துடுச்சு, இனி போயிடுமோன்னு பயம். அதான் ரூமை ரெண்டு மடங்கு பெருசாக்கிட்டான், கதையைச் சேத்துட்டான். பெரிய ரூம்ல சின்ன யோசனை." ஷட்டர்காரனுக்கு இரண்டாம் பாகம்தான் பிடிக்கும். பெரிய அறைகள் பிடிக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு எதையும் ஒழுங்காக எடுத்துச் சொல்ல வராது. அதனால் வாதத்தில் எப்போதும் அவள்தான் ஜெயித்தாள்.

இப்படியே வருடங்கள் போயின. பிறகு ஒரு நாள், எல்லோரும் மறந்துபோன நேரத்தில், அதே ஆட்டத்துக்கு மூன்றாம் பாகம் வந்தது. ஷட்டர்காரன் உடனே வாங்கி அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டான். பாசத்தில் வாங்கியதாகச் சொன்னான். உண்மையில் அவள் முகம் எப்படிக் கோணுகிறது என்று பார்க்கத்தான் வாங்கினான்.

முகம் கோணத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஆட, இவன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பார்த்தான். ஓர் அறைக்குள் போனாள். தண்ணீர் முழங்கால் வரை நின்றது. இடது சுவரில் சிவப்புச் சக்கரம் ஒன்று, குருடனுக்குக் கூடத் தெரிகிற மாதிரி, வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. அதைத் திருப்ப வேண்டியதுதான். அக்கா திருப்பவில்லை. வலது மூலைக்குப் போனாள். குழாயைத் தட்டிப் பார்த்தாள். திரும்ப வந்தாள். தலையைச் சொறிந்தாள்.

ஷட்டர்காரன் வாயை இறுக மூடிக்கொண்டான். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"இந்த ரூம் தப்புடா" என்றாள் கடைசியில். "திறக்கிறதுக்கு எதுவுமே வெக்கலை. ஏமாத்துறான்."

அடுத்த வாரமும் அதே அறை. திடீரென்று அவள் கை நின்றது. ஆட்டத்துக்குள் பார்வை இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, சக்கரம் நேர் எதிரே வந்திருந்தது.

"டேய். இது எங்கிருந்து வந்துச்சு?"

அவன் தோளைக் குலுக்கினான். சட்டம் அது.

"நடுவுல முளைக்குதுடா. வெறும் சுவரு. பாத்துக்கிட்டே இருக்கேன், நட்ட நடுவுல முளைக்குது." பார்வையை வலப்பக்கம் திருப்பினாள். "ஆங். போயிடுச்சு. கரைஞ்சு போகுது பாரு."

அவனுக்கு எதுவும் முளைக்கவும் இல்லை, கரையவும் இல்லை. சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அக்காவுக்கு இந்த ஆட்டங்கள் அவனைவிட நன்றாகத் தெரியும். அவள் கண்ணுக்குப் படுகிற நுணுக்கம் தன் மரமண்டைக்குப் படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அதைவிட, அவளுடைய முகம் அவனை வேறு எதையும் யோசிக்க விடவில்லை. கோணல் போய் அந்த முகம் மலர்ந்திருந்தது.

"இதுதான்டா ஆட்டம்" என்றாள். "நாம பாக்கிறதை வெச்சே விளையாடுறான். ஒரு கதவு இருக்கும், திரும்பினா இருக்காது. எந்தப் பக்கமிருந்து என்ன வரும்னே தெரியலை. முதுகுல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. முதல் பாகத்துல கூட எனக்கு இப்படிச் சிலிர்த்தது இல்லை."

முதல் பாகத்தை விட! அவள் வாயால்! ஷட்டர்காரன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். "உங்க அக்கா ஒத்துக்கிட்டாங்களா? உடம்பு கிடம்பு சரியில்லையா என்ன?" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் எப்போது பேசினாலும் மூன்றாம் பாகத்தைப் பற்றித்தான். அறைகள் மாறுகின்றன. படிக்கட்டு பாதியில் தொலைகிறது. நடந்து போகும்போது கைக்கு எட்டும் தூரத்தில் தூண் வந்து நிற்கிறது. ஷட்டர்காரன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். இத்தனை வருஷம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே ஆட்டம் பிடித்திருந்தது. இதைப் போய் யார் கெடுப்பார்கள்?

ஒரு சனிக்கிழமை லாண்டரி முதலாளி கூப்பிட்டார். வேன் உள்ளே வருகிற வாசலின் ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கிறதாம். ஷட்டர்காரன் கருவிப் பெட்டியோடு போனான். ஷட்டரில் ஒன்றுமில்லை. அது ஏறி இறங்குகிற பக்கவாட்டுச் சட்டம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. உள்ளே நுழையும்போது இடது கைப்பக்கம் இருக்கிற சட்டம்.

"யாரோ இடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார் முதலாளி. "உங்க அக்காகிட்ட கேட்டேன், அவங்களும் அதான் சொல்றாங்க. யாரோ வந்து இடிச்சிட்டுப் போறதுக்கு இது என்ன சந்தையா? நம்ம வண்டியைத் தவிர இங்க எது வருது?"

ஷட்டர்காரன் குந்தி உட்கார்ந்து சட்டத்தைத் தடவிப் பார்த்தான். நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது. அடியில் இருந்த நீலத்தின் மேல் துரு ஏறியிருந்தது. துருவின் மேல் மறுபடி நீலம். அதற்கு மேல் நேற்றோ முந்தாநாளோ பட்ட பளபளப்பான நீலம். எல்லாம் ஒரே உயரத்தில், ஒன்றின் மேல் ஒன்று. இடித்தது ஒரு நாளில்லை. இடித்தவர்களுக்கு இடித்தோம் என்ற நினைப்பே இருந்ததாகவும் தெரியவில்லை. தெரிந்தவன் அடுத்த தடவை கொஞ்சம் ஒதுக்கி வருவான்.

அப்போது அக்கா நீல வேனைக் கொண்டுவந்து வெளியே நிறுத்தினாள். வலதுபக்கம் துடைத்து வைத்தது போல இருந்தது. ஷட்டர்காரன் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போனான். முன்னாலிருந்து பின்னால் வரை நீளக் கீறல்கள். கதவு நடுவில் குழிந்திருந்தது. பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கி, காற்றில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கண்ணாடி என்னாச்சு?"

அவள் அழுக்கு மூட்டையை இறக்கிக்கொண்டே, "எந்தக் கண்ணாடி?" என்றாள்.

நடுவில் முளைக்கிற சக்கரம், திரும்பினால் கரைகிற கதவு, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. மூன்றாம் பாகத்தில் எந்த வித்தையும் இல்லை. அவன்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தானே. எதுவும் வரவுமில்லை, போகவுமில்லை.

திங்கட்கிழமை காலை அவள் மறுபடி வண்டியை எடுப்பாள். முதியோர் விடுதி இருக்கிற சந்தில் நடைபாதை கிடையாது, கிழவர்களும் கிழவிகளும் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தச் சந்து அவனுக்குத் தெரியும்.

அன்று லாண்டரி அரை நாள். மத்தியானமே மனைவியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அவள் ஏற்கெனவே ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வா, வா. இப்பத்தான் ஒரு நல்ல ரூம். உக்காரு. நீயும் உக்காரும்மா. உன் புருஷன் மூச்சு விட்டா கிள்ளு."

"அக்கா, நிறுத்து" என்றான்.

"வாயை மூடு."

"ஆட்டத்தை நிறுத்துக்கா."

அந்தக் குரல் அவளுக்குப் புதிது. நிறுத்தினாள். ஸ்க்ரீனில் அறை அப்படியே உறைந்து நின்றது, தண்ணீர் கூட அசையவில்லை.

"எத்தனை கதவு இருக்கு?"

"என்னடா பரீட்சையா? ரெண்டு."

பின்னாலிருந்து அவன் மனைவி சாதாரணமாக, "மூணு, அண்ணி" என்றாள்.

"உன் புருஷன் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கானா?" என்று அக்கா சிரித்தாள். "இவனுக்குப் பொறாமைம்மா. எனக்கு ஒண்ணு பிடிச்சிடுச்சுன்னா இவனுக்குத் தூக்கம் வராது."

அவள் உட்கார்ந்திருந்தது சக்கரம் வைத்த நாற்காலி. ஷட்டர்காரன் அதன் முதுகைப் பிடித்து மேசையின் இடது ஓரத்துக்குத் தள்ளினான். ஸ்க்ரீன் முழுக்க அவளுக்கு வலப்பக்கம் ஆனது.

"நேரா சுவத்தைப் பாரு. தலையைத் திருப்பாதே. இப்ப எத்தனை?"

அவள் ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்தாள்.

"மூணு" என்றாள்.

"ஆட்டம் நின்னுக்கிட்டு இருக்குக்கா. நிறுத்தி வெச்சா எதுவும் மாறாது. இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்."

அக்கா காலால் தரையை உதைத்து நாற்காலியை மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினாள். பிறகு இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். நாற்காலிச் சக்கரம் கீச்சுக் கீச்சென்றது. ஒரு கதவு போவதும் வருவதும் அவள் முகத்திலேயே தெரிந்தது. ஷட்டர்காரனின் மனைவி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவளாக நிறுத்துகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப செஞ்சவன் பண்ணலை" என்றாள்.

"இல்லைக்கா."

"நல்ல யோசனைன்னு நெனச்சேன்டா. ஒருத்தனாவது பயப்படாம அடுத்த பாகம் செஞ்சிருக்கான்னு சந்தோஷப்பட்டேன்." மவுஸை எடுத்து மேசையின் நடுவில், அது எப்போதும் இருக்கிற இடத்தில், நேராக வைத்தாள். "இது சாதாரண ஆட்டமா?"

"சாதாரண ஆட்டம்தான். சுமாரா இருக்கு."

"ம்."

வேன் சாவியை அவன் கேட்கவில்லை. அவளே இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை துணி யார் எடுப்பது என்று மட்டும் கேட்டாள். நான் எடுக்கிறேன் என்றான்.

கண் டாக்டர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே தலையைப் படம் எடுத்தார்கள். பென்சிலைக் காதில் செருகியிருந்த ஒரு பெரிய டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். தலைக்குள், வலது பக்கத்தில் பின்னால், கோழி முட்டை அளவுக்கு ஒன்று இருந்தது. கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, இடப்பக்கம் பார்த்ததை மூளை வாங்கிக்கொள்ளவில்லை, வாங்காததுகூட அதற்குத் தெரியாது என்றாள். கறுப்பாகத் தெரிந்தால் ஆளுக்குச் சந்தேகம் வரும். இவர்களுக்குக் கறுப்பாகவும் தெரியாது. அந்தப் பக்கமே இருக்காது.

"எடுத்துடலாம். ஆனா சுலபமான இடத்துல இல்லை. நான் பொய் சொல்ல விரும்பலை" என்றாள் டாக்டரம்மா.

அக்கா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டாள். "எவ்வளவு நாளா இருக்கும் இது?"

"மெதுவா வளர்றது. மாசக்கணக்குல இருக்கலாம். வருஷம்கூட ஆகியிருக்கலாம். ஏன், வண்டி ஏதாவது ஓட்டுறீங்களா?"

"ஓட்டினாங்க" என்றான் ஷட்டர்காரன்.

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் பேச்சுக் குறைந்தது. கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிட்டாயா என்றால் ம் என்பாள். நோவை நினைத்து மனசு உடைந்துபோய்விட்டாள் என்று ஷட்டர்காரன் நினைத்தான். ஒரு தடவை மட்டும் அவளாகக் கேட்டாள்.

"வேனுக்குள்ள பின்னாடி அந்தக் கம்பிக் கூண்டு வண்டிங்க இருக்குதில்ல, துணி ஏத்துறது. அதுங்க உருண்டு உருண்டு முட்டிக்கிட்டே இருக்கும். நீ ஓட்டுறப்ப கவனிச்சியா?"

"ஆமா. காது கிழியுது."

"அதான். எது என்ன சத்தம்னு தெரியாது."

அவன் கூண்டுகளைக் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறேன் என்றான். அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று காலையில் போனபோது தலையை மழித்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் மனைவி பார்த்தவுடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தலை நல்ல உருண்டை அண்ணி. இத்தனை நாள் முடியை வெச்சு மறைச்சிட்டீங்க" என்றாள். "உன் புருஷனுக்கு இப்படி மழிச்சா மேடும் பள்ளமுமாத் தெரியும்" என்றாள் அக்கா. பிறகு குடிக்க வெந்நீர் வாங்கிவரச் சொல்லி அவளை அனுப்பினாள். ஆபரேஷனுக்கு முன்னால் எதுவும் குடிக்கக் கூடாது என்று மூன்று பேருக்கும் தெரியும். அவன் மனைவி ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனாள்.

ஷட்டர்காரன் அவளுக்கு வலப்பக்கமாக வந்து நின்றான். இப்போதெல்லாம் அப்படித்தான் நிற்பான்.

"வேன் எங்கே?" என்றாள்.

"கீழே நிக்குது. துணி இறக்கிட்டு அப்படியே வந்தேன்."

"பெயிண்ட் அடிச்சிட்டாங்களா?"

"இல்லை. அடுத்த வாரம்."

"அடிக்கச் சொல்லாதே. நான் சொல்ற வரைக்கும் வேணாம்." கதவருகே நர்ஸ் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "இடது பக்கம் எத்தனை கீறல் இருக்கு?"

"எண்ணலைக்கா. ஏன் இப்ப அதெல்லாம்?"

"ஷட்டர் வாசல்ல பட்டது ஒண்ணு. அதான் நமக்குத் தெரியும். மத்ததெல்லாம் எங்கே பட்டுச்சு?"

அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஜன்னல்ல உக்காந்து அதைத்தான்டா யோசிச்சேன். தெருத் தெருவா மனசுக்குள்ள போய்ப் பாத்தேன். பாதித் தெரு என்கிட்ட இல்லை." முன்பு ஆட்டத்தில் வழி யோசிப்பாளே, அந்தக் குரல்தான். "அந்தக் கதவுல குழி இருக்கே, அது என்ன உயரம்? சுவர்ல பட்டா கீறும். கம்பத்துல பட்டா நேரா மடங்கும். குழி எப்படிடா விழும்?"

"சும்மா இரு அக்கா. குப்பைத் தொட்டியா இருக்கும்."

"இருக்கும். இருந்தா நல்லது."

நர்ஸ் உள்ளே வந்தாள். இன்னொருத்தரும் வந்து கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். அக்கா ஷட்டர்காரனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மூட்டை தூக்கிய கை, பிடி இன்னும் அப்படியே இருந்தது.

"என்னை உள்ளே கொண்டுபோனதும் நீ இங்க உக்காந்திருக்காதே. உன் பொண்டாட்டி இருக்கட்டும். நீ வண்டியை எடு. நான் போற வழியிலேயே போ, ஆஸ்பத்திரி, ஓட்டல், அப்புறம் அந்த முதியோர் விடுதிச் சந்து. மெதுவாப் போ, இறங்கி இறங்கிப் பாரு. இடது பக்கம் மட்டும் பாரு. நீலம் எங்கெல்லாம் பட்டிருக்குன்னு பாரு. கம்பம், கேட்டு, சுவரு எல்லாம். அந்தச் சந்துல யாருக்காவது அடிபட்டுச்சா, அடிச்ச வண்டி எதுன்னு தெரியாமலே போச்சான்னு வாசல் வாசலா நின்னு கேளு. நான் கண்ணு முழிச்சா ஒண்ணு விடாம சொல்லு. முழிக்கலைன்னாலும் கேட்டுட்டு வா."